உரித்துப் பார்க்கும் கம்பளிக்கடை

ஒண்டிக்கடை முக்கில் கம்பளி விற்கும் ஒரு பெண்மணி, இருமுகிற குழந்தைக்கென்று கேட்டால் ஸ்வெட்டர் தர மாட்டாராம். தராததோடு விடாமல், பிள்ளை போட்டிருப்பதையும் அந்தப் பனிக்குள்ளேயே உரித்துவிடுவாராம். ஏற்காட்டில் இந்தப் பேச்சு கொஞ்ச காலமாக உலவுகிறது. உலவ உலவக் கிளையும் விடுகிறது. வாழவந்தி பஸ்ஸில் ஏறினால், அந்தம்மா பிள்ளையின் மார்பில் கை வைத்து வாய்க்குள் எதையோ முணுமுணுக்கிறார், மந்திரமாகத்தான் இருக்கும் என்பார்கள். ஏரிப் பக்கம் இறங்கி விசாரித்தால், மந்திரமாவது மாங்காயாவது, ஆஸ்பத்திரியில் கமிஷன் என்பார்கள். பூச்சி அரித்த சரக்கு, பெற்றவள் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிடக் கூடாதென்று சண்டை பிடித்துத் துரத்துகிறார் என்று வியாபார நுணுக்கத்தோடு சொல்பவர்களும் உண்டு. இதையெல்லாம் சரிபார்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும், கடைக்கு எதிரே நிற்கப் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் கண்ணில் படுவது அந்த டீதான். ஒன்பது மணிக்கு வாங்கிய கண்ணாடி தம்ளர் பத்து மணிக்கும் கடைக்கார இன்பமேரியின் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் இருக்கிறது. குடித்தது இரண்டு வாய். ஆறிவிட்டால் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்கிறார். கருமி, ஒரு டீயை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று டீக்கடைக்காரரே சொல்கிறார், ஒரு நாளைக்கு ஆறு டீ விற்றுவிட்டு. கடை ஆறடிக்கு நாலடி. மேலே நீலத் தார்ப்பாய். கயிற்றில் வரிசையாகத் தொங்கும் மங்கி குல்லாக்கள், முகத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்த கூட்டம் மாதிரி பஸ் நிற்குமிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இன்பமேரிக்கு நாற்பத்தாறு வயது. இடது மணிக்கட்டில் பெரிய ஆண் கடிகாரம், முகம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். எஸ்டேட் ரைட்டராக இருக்கும் கணவர் ரொனால்டின் கடிகாரம் அது. விநாடி முள் தடிமனாக இருந்ததால் பறிமுதல் செய்யப்பட்டது. ரொனால்ட் இப்போது செல்போனில் மணி பார்க்கிறார்.

சமவெளியிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்து இறங்குபவர்களிடம் இன்பமேரிக்கு இரக்கம் கிடையாது. விலையில் ஒரு ரூபாய் இறங்க மாட்டார்.

"இது உண்மையான கம்பளிதானாம்மா?"

"ஆட்டக் கூப்பிட்டுக் கேக்கட்டுங்களா சார்?"

விறைத்துப்போய் நிற்கும் அந்த ஆள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு நகர்கிறார். ஆக, வியாபாரம் தெரியாதவர் என்ற சந்தேகம் முதல் அரை மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து ஓர் இளம் தாய் வருகிறாள். இடுப்பில் மூன்று வயதுப் பையன், மூக்கில் இரண்டு தடம், வறட்டு இருமல். தடித்த ஸ்வெட்டராக ஒன்று வேண்டும் என்கிறாள். இன்பமேரி ஸ்வெட்டரை எடுக்கவில்லை. "ஏம்மிணி, காலையில என்ன சாப்பிட்டான்?" என்கிறார். இட்லி இரண்டு. "வெளையாடுறானா?" ஓயாமல். "வா சாமி, அளவெடுக்கலாம்." பையனைப் பலகைமேல் உட்கார வைத்து, பொத்தானைக் கழற்றி, சட்டையைத் தூக்கி, தம்ளரில் சூடேறிய உள்ளங்கையை வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைக்கிறார். பையன் நெளியவில்லை, கை வெதுவெதுப்பாக இருக்கிறது. ஆறு டீ எதற்கென்று அப்போதுதான் விளங்கும். கண் கடிகாரத்துக்கும் நெஞ்சுக்குமாகப் போய்வருகிறது, உதடு அசைகிறது, சத்தமில்லை. மந்திரம் அதுதான். மூச்சை எண்ணுகிறார்; இருபத்தெட்டோடு முடிகிறது.

"வெறுஞ்சளி கண்ணு. ஒரு வாரம், பத்து நாளு இருக்கும். இருமல் மட்டும் மூணு வாரம் வரைக்கும் இழுக்கும், பயந்துக்காத. கொஞ்சங் கொஞ்சமா அடிக்கடி குடிக்கக் குடு. ஒரு வயசு தாண்டிட்டானில்ல, ராத்திரிக்கு ஒரு ஸ்பூன் தேனு. அடுப்புப் பொகையில உக்கார வெக்காத. போட்டிருக்கற ஸ்வெட்டரு ஒண்ணு போதும்."

"குளுருதுங்களே அக்கா."

"உனக்குக் குளுருது. அவனுக்கு வேர்த்திருக்கு, முதுகத் தொட்டுப் பாரு."

தாய் தொட்டுப் பார்க்கிறாள். வேர்த்துத்தான் இருக்கிறது. ஆனாலும் ஸ்வெட்டர் வாங்க வந்தவள் ஸ்வெட்டர் இல்லாமல் ஊர் திரும்புவது எப்படி? சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது: "இங்க வாங்கம்மா, நம்ம கடையில கேள்வியே இல்லீங்க!" நல்லமுத்துவின் கடை. அதே தார்ப்பாய், அதே குல்லா, அதே ஈரோட்டுச் சரக்கு. இரண்டு நிமிடத்தில் பையன் இரண்டாவது ஸ்வெட்டருக்குள் மறைகிறான்.

இங்கே ஒரு புதிய சந்தேகம் எழுவது நியாயம். துரத்துவது ஒரு கடை, பிடித்துக்கொள்வது எதிர்க் கடை. இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் ஒப்பந்தமோ? நல்லமுத்துவைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுகிறார். "ஒப்பந்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அக்கா இருமுற புள்ளைய எல்லாம் நம்ம பக்கம் தாட்டி உட்டுருது. நமக்கு அது கொலசாமி மாதிரிங்க." அப்படியானால் கமிஷன் பேச்சு? நல்லமுத்து சாலையைப் பார்க்கிறார், குல்லாவைச் சரிசெய்கிறார். "யாவாரத்துல நாலு பேச்சு இருக்குமுங்க." பேச்சு எந்தக் கடையில் தைக்கப்பட்டது என்பது இவ்வளவில் தெரிந்துவிடுகிறது.

உரிக்கும் பழக்கம் இன்பமேரிக்கு எங்கிருந்து வந்தது என்றால், அவரே உரிக்கப்பட்ட கதை ஒன்று உண்டு. மகன் ஜெப்சன் இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறான், ஆறடி, ஸ்வெட்டர் என்றாலே ஓடுவான். அவனுக்கு ஏழு மாதமானபோது சளி பிடித்தது. கம்பளிக்கடைக்காரியின் பிள்ளை அல்லவா, குறை வைக்க முடியுமா? பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா, கடைசியாக ஒரு சால்வை. மூன்று நாள் அப்படியே இருந்தான். சத்தமில்லாமல் இருக்கிறான், சூடு பிடித்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தார். விட்டுப்போன தடுப்பூசியைப் போடத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். நர்ஸ் ஷீனா ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் அடுக்கினார். ஐந்தாவதைக் கழற்றும்போது, "என்னக்கா, முட்டைக்கோசா கொண்டு வந்தீங்க? புள்ள எங்க?" என்று சிரித்தார். ஏழாவது உருப்படி கழன்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளையின் நெஞ்சு மூச்சு வாங்கி ஓடிக்கொண்டிருந்தது. "இத யாருமே பாக்கலியா?" என்று கேட்டார். "எப்புடிங்க பாப்பேன்? நானே மூடி வெச்சுட்டு" என்று இன்பமேரி இன்றைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார், ஷீனா மாற்றலாகிப் போய்ப் பல வருஷம் ஆன பிறகும்.

ஜெப்சன் பதினோரு நாளில் வீடு திரும்பினான். ஷீனா சொல்லிக்கொடுத்த கணக்கு மட்டும் இன்பமேரியோடு தங்கிவிட்டது. "ரெண்டு மாசத்துக்குள்ள அறுவது. ஒரு வயசுக்குள்ள அம்பது. அதுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் நாப்பது. ஒரு நிமிசத்துல மூச்சு அதத் தொட்டுச்சுன்னா நிக்கப்படாது, ஆஸ்பத்திரி. வெலாவுக்குக் கீழ உள்ள குழிஞ்சாலும் ஆஸ்பத்திரி. குடிக்க மாட்டேன்னாலும், எழுப்பியும் எந்திரிக்கலைன்னாலும் அப்படித்தான்." கடையில் சைஸ் அட்டை தொங்கவில்லை, இது தொங்குகிறது, அவர் நாக்கில்.

தவறே செய்யாதவர் என்று யாரும் மாலை தூக்க வேண்டாம். ஒருமுறை படியேறி ஓடிவந்து வீறிட்டு அழுத ஒரு குழந்தையை அழுகையோடு அழுகையாக எண்ணி, ஐம்பத்தெட்டு என்று குடும்பத்தையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டே சிரித்தது. இருபத்தாறு. அழுகிற பிள்ளையை எண்ணக்கூடாது, அழுகை அடங்கிய பிறகோ தூங்கும்போதோதான் எண்ண வேண்டும் என்று அங்கேயே ஒரு பாடம் நடந்தது. கமிஷன் கதைக்கு விதை விழுந்ததும் அன்றைக்குத்தான். நல்லமுத்து நீர் ஊற்றினார்.

அந்தப் பேச்சு ஏறக்குறைய ஓர் உயிரை வாங்கப் பார்த்தது போன தை மாதத்தில்.

பனி பன்னிரண்டு மணிக்கும் விலகாத ஞாயிறு. செம்மநத்தத்திலிருந்து கொய்யாக் கூடையோடு வந்திருந்த பூவாயி, கூடை காலியானதும் கடைமுன் வந்து நின்றாள். இடுப்பில் மேனகா, ஒன்றரை வயது. கவுன், இரண்டு ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துண்டு. கண்கள் மட்டும்தான் வெளியே. அவையும் மூடியிருந்தன.

"கெட்டியா ஒரு ஸ்வெட்டரு குடுங்கக்கா. வெசையா. ஒரு மணி பஸ்ஸு வந்துரும்."

"புள்ளைக்கு என்ன?"

"நாலு நாளா சளி, இருமலுங்க. எட்டு வயசுப் பெரியவளுக்கு வாங்குன மருந்து ஊட்டுல இருந்துச்சு, குடுத்தேன். நேத்திருந்து இருமலே இல்லீங்க. கம்முனு தூங்குது."

இன்பமேரி தம்ளரைக் கீழே வைத்தார். லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டு வரும் பிள்ளைக்கெல்லாம் அவர் தம்ளரை வைப்பதில்லை. இருமலை நிறுத்திக்கொண்ட பிள்ளையைக் கண்டால்தான் வைப்பார்.

"பால் குடிச்சாளா?"

"காலையில வாயி வெச்சா, உட்டுட்டா. தூக்கக் கலக்கமுங்க."

"துணிய அவுரும்மா, ஒரு நிமிசம் பாக்கோணும்."

பூவாயி ஓர் அடி பின்னால் போனாள். பஸ்ஸில் அவளும்தான் வருகிறாள். அவளுக்கும் காது இருக்கிறது. "எனக்குத் தெரியுமுங்க. நீங்க உரிப்பீங்க, அப்பறம் ஆஸ்பத்திரிக்குத் தாட்டி உடுவீங்க. அங்க உங்களுக்கு என்னமோ குடுக்கறாங்களாமா. இந்தப் பஸ்ஸ உட்டா எனக்கு அடுத்த பஸ்ஸு பொழுது சாயத்தான். புள்ளைய வெச்சுட்டுக் குளுருல நிக்கட்டுங்களா?"

சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தாள். நல்லமுத்து கேள்வி இல்லாத கடையிலிருந்து முயல் படம் போட்ட ரோஸ் ஸ்வெட்டர் ஒன்றை உதறி நீட்டிக்கொண்டிருந்தார்.

கடையை விட்டுவிட்டு இன்பமேரி எதிர்ப் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை. அன்று போனார். வாதாட ஆயிரம் இருந்தது, ஜெப்சன் கதையிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். அதற்குப் பதில் கடிகாரத்தைக் கழற்றி நல்லமுத்துவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நீ எண்ணு."

"நானுங்களாக்கா?"

"நீதான். எனக்குக் கமிஷன்னு ஊரெல்லாஞ் சொன்னவன் நீ. இந்தம்மிணி ஆஸ்பத்திரிக்குப் போனா எனக்குக் கெடைக்கும், சரி. உனக்கு அந்த முயலு வித்தாத்தான கெடைக்கும்? நீ எண்ணிச் சொல்லு, அது நம்பட்டும்."

சுற்றி நின்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது. நல்லமுத்துவுக்கு வரவில்லை. தான் தைத்த சட்டை தனக்கே இவ்வளவு சரியாகப் பொருந்தும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். பூவாயி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் முயலைப் பார்த்தார்.

"அவுருங்கம்மா" என்றார் கடைசியில். "நாப்பதுக்குள்ள நின்னுச்சுன்னா நானே இதப் போட்டு பஸ்ஸுல ஏத்தி உடறேன்."

துண்டு போயிற்று, மஃப்ளர் போயிற்று, முதல் ஸ்வெட்டர், இரண்டாவது. பூவாயி கவுனைத் தூக்கிப் பிடித்தாள். இத்தனை உருட்டலிலும் மேனகா கண் திறக்கவில்லை. நல்லமுத்து வாய்விட்டு எண்ணினார். அவருக்கு மனசுக்குள் எண்ணிப் பழக்கமில்லை. பத்தில் வேகமாக இருந்தார். இருபதில் குனிந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கடைசி விலாவுக்குக் கீழே தோல் ஒரு கிண்ணம் போல உள்ளே போய்ப் போய் வந்தது. "முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது" என்றபோது அவர் குரல் இறங்கியது. விநாடி முள் இன்னும் ஒன்பதைக்கூடத் தொடவில்லை. முள் ஒரு சுற்று முடியும் வரை எண்ணினார். அவர் ஐம்பத்தைந்து வரை போனார்.

ஒரு மணி பஸ் வளைவில் திரும்பி வந்து நின்று ஹாரன் அடித்தது.

நல்லமுத்து ஸ்வெட்டரை மடித்தார். மடித்து உள்ளே வைத்தார். "விக்கலீங்கம்மா" என்றார்.

பூவாயி பஸ்ஸைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று கேட்டது இன்பமேரியிடம் இல்லை, நல்லமுத்துவிடம். அவர் ஓடிப்போய் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஏறும்போது பூவாயி பையிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள், வழிக்கு ஒரு மூடி கொடுத்துவிடலாம் என்று. இன்பமேரி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"பாதி இருக்குதுங்க அக்கா! பெரியவ மருந்து அது."

"உன்ற பாட்டில நான் திங்கப் போறதில்ல. திருப்பித் தர்றேன். இப்ப உக்காரு."

இது எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கு. குறித்துக்கொள்ள வேண்டும்.

மலை ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, ஆக்ஸிஜன் வைத்து, 108 வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். நிமோனியா. பாட்டிலின் லேபிளைப் படித்த டாக்டர், இது இந்த வயதுப் பிள்ளைக்கு உரியதே இல்லை, தூங்கத்தான் வைத்திருக்கிறது என்று சொல்லி, கூடப் போயிருந்த இன்பமேரியிடமே திருப்பித் தந்தார். அன்று சாயங்காலம் வரை நல்லமுத்து இரண்டு கடையையும் பார்த்துக்கொண்டார். அக்கா கடைச் சரக்கைத் தன் கடை விலைக்கு விற்று வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; மனிதர் ஒரே நாளில் எவ்வளவுதான் திருந்துவார்?

ஒன்பதாம் நாள் பூவாயி வந்தாள். மேனகா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிக் குல்லாக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். நன்றி, கண்ணீர் என்று எதிர்பார்த்து டீக்கடையில் ஒரு சின்னக் கூட்டம் தயாராக இருந்தது. பூவாயி கேட்டது இதுதான்:

"அக்கா, என்ற மருந்து பாட்டிலு?"

"தர்றேன். இவளுக்கு அஞ்சு வயசு முடியட்டும்."

"பெரியவளுக்குத்தானுங்க வாங்குனேன்!"

"ஒரே ஊட்டுலதான இருக்காங்க?"

பாட்டில் இப்போது கடையின் உள் பலகையில், மஃப்ளர்களுக்குப் பின்னால் இருக்கிறது. காலாவதித் தேதி வருகிற சித்திரை. மேனகாவுக்கு ஐந்து முடிய இன்னும் இரண்டரை வருஷத்துக்கு மேல். இரண்டு பேரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான்; ஆனால் அந்தத் தேதியை இருவரில் ஒருவரும் படிக்க முன்வரவில்லை.

வதந்தியைச் சரிபார்த்த கணக்கு இவ்வளவுதான்: உரிப்பது உண்மை, முணுமுணுப்பது உண்மை, மந்திரம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளாது, கமிஷன் ஆறு டீயிலேயே நஷ்டத்துக்குப் போய்விடும். வாழவந்தி பஸ்ஸில் இப்போது பேச்சு மாறியிருக்கிறது. ஒண்டிக்கடையில் ரெண்டு கடையிலும் உரிக்கறாங்களாம், அந்த ஆளு சத்தம் போட்டே எண்ணுறானாம் என்கிறார்கள். நல்லமுத்து செகண்ட் ஹேண்டில் ஒரு கடிகாரம் வாங்கியிருக்கிறார். போன வாரம் அவர் மகளின் கைக்குழந்தை தும்மியபோது அதைத் தூக்கிக்கொண்டு அவரே சாலையைக் கடந்து வந்தார். "நான் எண்ணுனா நாப்பத்தாறு வருதுங்க. எதுக்கும் நீங்க ஒருக்கா..." இன்பமேரி எண்ணினார். நாற்பத்தி நாலு. ஐந்து மாதப் பிள்ளைக்கு அது சரிதான். "மூக்குல ரெண்டு சொட்டு உப்புத் தண்ணி உட்டுப் பால் குடுக்கச் சொல்லு. தைலங் கிய்லம் தேச்சீன்னா உன்னய உரிச்சுப் போடுவேன்" என்று திருப்பி அனுப்பினார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் பூவாயி வந்தாள். ஐப்பசி ஈரம், மேனகாவுக்கு மறுபடி மூக்கு ஒழுகுகிறது; இந்த மழைக்காலத்தில் இது மூன்றாவது தடவை. "இந்தப் பாட்டிலுங்க" என்று வழக்கம்போல் ஆரம்பித்துக்கொண்டே, யாரும் சொல்லாமல், மகளைப் பலகைமேல் ஏற்றிப் பொத்தான்களைக் கழற்றினாள். ஒற்றை ஸ்வெட்டர்தான். இன்பமேரி தம்ளரை உள்ளங்கைக்குள் ஒருமுறை உருட்டிவிட்டு, கையை வைத்தார். உதடு அசையத் தொடங்கியது.

"எப்பத்தானுங்கக்கா தருவீங்க?"

ஒரு மணி பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரனை நீளமாக அழுத்தினார். இன்பமேரி மேனகாவின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல், மற்றக் கையின் ஆள்காட்டி விரலை உயர்த்தினார், பூவாயிக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து.